என் கையை விடாத கை

போன ஐப்பசியில நான் செத்துப் பிழைச்சேன். பிழைச்சதுதான் பெரிய வேதனையாப் போச்சு.

ஜெயங்கொண்டம் பக்கம் எங்க ஊரு. அரியலூருக்கு பஸ்ஸுல போய்க்கிட்டிருந்தேன். பக்கத்து சீட்டுல முன்பின் தெரியாத பொண்ணு, மடியில கத்திரி நாத்துக் கட்டு. எதுத்தாப்ல வந்த லாரி மோதி பஸ் கவுந்துடுச்சு. அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, விட்டுட்டுப் போயிடாதீங்க"ன்னா. ஆளுங்க வந்து எங்களைப் பிரிக்கறதுக்குள்ள அவ கை சில்லிட்டுப் போச்சு.

எனக்குத் தொடையில மட்டும் காயம். தையல் போட்டு அனுப்பிட்டாங்க. ஆனா அவ கை என்னை விடல. சோறு பிசையும்போது என் விரலுக்கு நடுவுல அவ விரல் இருக்கும். லாரி ஹாரன் கேட்டா கட்டிலுக்கு அடியில போய்ச் சுருண்டுக்குவேன். காத்துக் கருப்புன்னு மாமியார் கயிறு கட்டினாங்க. அதைப் பத்திப் பேச வாயைத் திறந்தாலே என் வீட்டுக்காரர், "அதையே நினைக்காத, மறந்துடு"ம்பார்.

குலதெய்வம் செல்லியம்மன் முன்னாடி போய் விழுந்தேன். "தாயே, ஒண்ணு இந்தக் கையை எடு, இல்ல என்னை எடுத்துக்க." அழுது ஓஞ்சு எழுந்தப்பவும் கை அங்கேயே இருந்துச்சு.

கொஞ்ச நாள்ல, கட்டு மாத்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரோ இரும்புத் தட்டைக் கீழ போட்டாங்க. நான் மேஜைக்கு அடியில பூந்துட்டேன். எல்லாரும் வேடிக்கை பார்த்தாங்க. கட்டுப் போடற சிஸ்டர் பரிமளா மட்டும் கதவைச் சாத்திட்டு, என் எதிர்ல தரையில உட்கார்ந்தாங்க. தொடல.

"அக்கா, இது ஆஸ்பத்திரி. நான் இங்கதான் இருக்கேன். மெதுவா வாங்க."

என் மூச்சு அடங்கினப்புறம், "எங்க போயிட்டீங்க?"ன்னாங்க.

"பஸ்ஸுக்கு."

"கூட யார் இருந்தா?"

அதை அதுவரைக்கும் யாருமே கேக்கல. எல்லாத்தையும் கொட்டிட்டேன். "நான் கையை விட்டுட்டேன் சிஸ்டர்."

"உயிர் போற வரைக்கும் பிடிச்சிருந்தீங்கக்கா. அவங்க தனியா போகல."

அன்னைக்குத்தான் அந்தப் பொண்ணுக்காக அழுதேன்.

"இது பேயுமில்ல, பைத்தியமுமில்ல. மனசுல பட்ட அடி. இதுக்கும் வைத்தியம் இருக்கு"ன்னு மனநல டாக்டர்கிட்ட அவங்களே கூட்டிட்டுப் போனாங்க. என் வீட்டுக்காரர்கிட்ட, "மறந்துடுன்னு சொல்லாதீங்கண்ணா. அவங்க பேசினா கேட்டுக்கங்க, போதும்"னாங்க. மனுஷன் அன்னையிலேருந்து கேக்கறார்.

மாத்திரையும் பேச்சுமா மாசக்கணக்காச்சு. இப்ப தூங்கறேன். பஸ் ஏறறேன். இன்னும் சில நாள் அந்தக் கை வரும். உதறறதில்ல. "இருக்கேம்மா"ம்பேன். மெல்லத் தளர்ந்துடும்.

உங்க வீட்டுல யாராவது இப்படி ஒடுங்கிக் கிடந்தா அம்மன்கிட்ட அழுங்க, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போங்க. நான் வேண்டினதை அந்தத் தாய் கேட்டுக்கிட்டா. நான் பேசறதைக் கேக்க ஒரு ஆளையும் அனுப்பினா.