வெள்ளிக்கிழமை ஊற்றிய கல்

அன்று அந்தப் பின்வளவில் ஐந்து பேர் நின்றோம். அந்த வீட்டுக்கார அங்கிள், அவருடைய மனைவி, கொங்கிறீற் லொறி ஓட்டிவந்த இத்தாலியன், என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை, நான். பிறகு ஸ்காபரோத் தமிழ்ச் சனமெல்லாம் அங்கே கல் பதித்ததை நேரில் கண்ட மாதிரிக் கதைத்தார்கள். கண்டது நாங்கள் ஐந்து பேர்தான்.

எண்பத்தெட்டு, ஜூன் மாதம். அடுத்த கிழமை, சனிக்கிழமை, வயதுக்கு வந்த அங்கிளின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. அதற்கு முதல் பின்வளவில் இயற்கைக் கல் பதித்ததுபோல ஒரு தளம் வேண்டும் என்றார். உண்மையான கல்லுக்கு விலை கேட்டுத் தலை சுற்றித்தான் என்னிடம் வந்திருந்தார். நான் இரண்டு கோடை ஒரு போர்த்துக்கேயனிடம் இந்த வேலை செய்தவன். ஈரக் கொங்கிறீற்றின் மேல் நிறப்பொடி தூவ வேண்டும். ஒட்டாமல் இருக்க இன்னொரு கரும்பொடி தூவ வேண்டும். பிறகு கல்லின் அச்சு உள்ள றப்பர் பாயைப் போட்டு இடித்து எடுத்தால், பார்க்கிறவன் கருங்கல் என்றுதான் சொல்லுவான்.

நான் தனியாக எடுத்த முதல் வேலை அது. ஆயிரத்து அறுநூற்றைம்பது டொலர் பேச்சு. நானூறு முற்பணம் தந்தார். சாமான்களுக்கு அது காணாது. ஊரில் இருந்த மனைவியின் விமான டிக்கெற்றுக்கென்று சேர்த்து வைத்திருந்த எண்ணூறு டொலரையும் அதற்குள் போட்டேன். அவளுக்கு விசா வந்துவிட்டது. செப்டெம்பரில் ஏறலாம் என்று கடிதமும் போட்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஒரு கணக்கைப் பத்துத் தரம் போட்டால் பத்து விடை வரும். அந்தக் கிழமை முழுக்க அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பது மணிக்கு வரவேண்டிய லொறி பத்தரைக்கு வந்தது. நான் தள்ளுவண்டியைத் தூக்கினேன். அங்கிள் குறுக்கே வந்து நின்றார்.

"நில்லும் தம்பி. ராகுகாலம் துடங்கீட்டுது. பன்ரெண்டு மணி வரைக்கும் ஒண்டும் ஊத்தப்படாது."

"அங்கிள், உது லொறிக்குள்ள இறுகிப்போடும்."

"அவன் சுத்திக்கொண்டுதானே நிக்கிறான். சுத்தினால் இறுகாது."

அறைக்கார அண்ணைக்கு வாய் சும்மா இராது. "கோடைக்கெண்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறாங்கள். அது ராகுவுக்கும் தெரியுமோ அங்கிள்?"

"உம்மட பகிடியை உம்மட அறையில வைச்சிரும். இது பொம்பிளைப் பிள்ளையின்ர விசயம்."

அங்கிளின் மனைவி கதவடியில் நின்று, "ஓம் தம்பி, ஒண்டரை மணித்தியாலம்தானே, தேத்தண்ணி தாறன்" என்றார். இத்தாலியன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். காத்து நிற்கிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு என்றான். யாருடைய காசு என்று அவன் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. உள்ளுக்குள் எனக்கும் பயம் இருந்தது. ராகுகாலத்தில் ஊற்றி, அவளுடைய பயணத்தில் ஏதும் பிசகினால்? இன்று நினைக்க எனக்கே என்மேல் காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது. வேலை தெரிந்தவன், பீங்கான் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த லொறியின் வயிறு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டு அடித்தது. இத்தாலியன் இறுகினதை இளக்கத் தண்ணீர் விட்டான். விடக்கூடாத அளவுக்கு விட்டான். நானும் அண்ணையும் ஓடி ஓடித் தள்ளினோம். கடைசி வண்டி கொட்டும்போது முதல் மூலை வெயிலில் தோல் கட்டிவிட்டது. அங்கே ஏறி நின்று இடித்தும் அச்சுப் பதியவில்லை. இந்தப் பக்கம் பாய் சேற்றில் புதைந்தது. பதற்றத்தில் கரும்பொடியைப் போதாமல் தூவிவிட்டேன்; பாயைத் தூக்க, மேல்தோலும் சேர்ந்து உரிந்து வந்தது. சொறி பிடித்த நாயின் முதுகு மாதிரி ஒரு தளம். இரண்டு நாள் என் மூக்கிலும் எச்சிலிலும் கறுப்பு. சோறு வாயில் வைத்தால் பொடி நறநறவென்றது.

காசு கேட்டேன். "சடங்கு முடியட்டும்" என்றார் அங்கிள்.

"சடங்கு நாளிலயே போடா," என்றார் அறைக்கார அண்ணை. "சனத்துக்கு முன்னால மாட்டன் எண்டு சொல்லமாட்டார்."

போனேன். தளத்தின் மேல் கதிரைகள் போட்டு ஐம்பது பேர் இருந்தார்கள். மல்வேர்னிலிருந்து வந்த ஒருவர் சப்பாத்து நுனியால் தரையைத் தடவிப் பார்த்தார்.

"எங்க எடுத்த கல்லு?"

"வடக்கால ஒரு குவாரியில," என்றார் அங்கிள். "ஒறிஜினல். காசைப் பாத்தால் சரிவராது."

"அதுதானே பாத்தன். ஒண்டைப்போல ஒண்டில்லை. சிமெந்தெண்டால் எல்லாம் ஒரேமாதிரி அச்சடிச்சதுபோலயெல்லோ இருக்கும்."

அங்கிள் என்னைக் கண்டு, தோளில் கைபோட்டுக் கராஜ் பக்கம் கூட்டிப்போனார்.

"தம்பி, நெஞ்சில கைவைச்சுச் சொல்லும். உது கல்லு மாதிரியோ இருக்கு? உதுக்கு நான் முழுக்காசு தரவேணுமோ?"

"இப்ப அவருக்குக் கல்லெண்டு சொன்னீங்களே."

"அது சபைக்குச் சொல்லுறது."

திரும்பிப் போய் அந்தச் சபைக்கு நடுவில் இது நான் ஊற்றிய சிமெந்து என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பிள்ளையைச் சேலை கட்டி வெளியே கூட்டி வந்தார்கள். கால் தடக்கக்கூடாதே என்று அது தலையைக் குனிந்து, என் பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து நடந்தது. நான் ஒதுங்கி வழி விட்டேன். போகும்போது அங்கிளின் மனைவி பலகாரப் பை ஒன்று தந்தார். அதையும் கைநீட்டி வாங்கினேன். பஸ்ஸில் அந்த எண்ணெய் மணம் தாங்க முடியவில்லை. அறைக்கார அண்ணைதான் இருந்து எல்லாவற்றையும் தின்றார்.

செப்டெம்பரில் டிக்கெற் எடுக்க முடியவில்லை. காரணத்தை மனைவிக்கு எழுத வெட்கமாக இருந்தது. ஆசனம் கிடைக்கவில்லை என்று எழுதினேன். அண்ணை தன் சீட்டுக்காசைத் தவணைக்கு முதலே நட்டப்பட்டுக் கழிவுக்கு எடுத்துத் தந்ததால், அவள் ஜனவரி உறைபனிக்குள் வந்து இறங்கினாள். அந்தத் தளம் நெடுங்காலம் அப்படியே கிடந்தது. வருகிறவர்களெல்லாம் கல்லென்றே மெச்சினார்கள்.

எனக்கு வரவேண்டிய மிச்சம் ஆயிரத்து இருநூற்றைம்பது டொலர். ஒரு சதமும் வரவில்லை.