சூப்பர்சார்ஜர் மூடியில் ஒரு பொட்டு

கார் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன் என்று யாராவது சொன்னால், அவரிடம் கார் இல்லை என்று அர்த்தம்.

வண்டியை விடுகிறவர்கள் பேட்டரியில் ஆணியால் கீறி அடையாளம் வைப்பார்கள். டயரின் உள்பக்கம் சாக்பீஸால் கோடு போடுவார்கள். பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டுதான் சாவியைக் கொடுப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கல்யாண மண்டபத்தில் ஒரு செருப்பை வாசலிலும் இன்னொன்றைத் தூணோரத்திலும் கழற்றி விடுகிற ஆள் நான். நீங்கள் தையல்காரராக இருந்தால் "மிச்சத் துணி எங்கே?" என்று கேட்டிருப்பார்கள். நகை செய்பவராக இருந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே மெக்கானிக்கான என் பாடு உங்களுக்குப் புரியும்.

சூப்பர்சார்ஜர் என்பது இஞ்சினுக்குள் காற்றை வலிந்து திணிக்கிற ஒரு சாமான். பெல்ட்டில் ஓடும். அதன் மூக்குக்குள் இருக்கும் பல்சக்கரங்களுக்கென்று தனியாக ஒரு எண்ணெய் உண்டு. இஞ்சின் ஆயிலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மொத்தமே ஒரு டம்ளர் அளவுதான். மேலே உள்ள சின்ன மூடியைக் கழற்றி, ஆஸ்பத்திரி ஊசியில் மெல்லிய குழாய் மாட்டிப் பழையதை உறிஞ்சி எடுத்து, அதே துளை வழியாகப் புதியதை விட்டு மூட வேண்டும். அரை மணி நேர வேலை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே இந்தச் சாமான் உள்ள வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாமே சென்னையில் யாரோ ஓட்டி அலுத்து விற்ற பழைய வெளிநாட்டு வண்டிகள்.

விழுப்புரம் கடையை நான் பார்க்கிறேன். திண்டிவனம் கடையை யாகூப் பாய் பார்க்கிறார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். பதினெட்டு வருஷமாகக் கூட்டுத் தொழில். எழுத்தில் ஒரு வரி கிடையாது. அந்தக் கூட்டையே கவிழ்க்கப் பார்த்தது இந்த ஒரு டம்ளர் எண்ணெய்.

மீதி ஐம்பது எங்கே?

முதலில் ஒரு நர்ஸம்மாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். திண்டிவனத்துக்காரர், பாய் கடைக்கு இந்த எண்ணெயை மாற்ற வந்தவர். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றால் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பானெட் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு நானும் அந்தக் கடையில் இருந்தேன். நான் ஊசியைக் கையில் எடுத்ததும், "காத்து ஏறாம இழுங்கண்ணா" என்றார். ஆஸ்பத்திரி ஊசியை நான் பிடித்த விதம் அவருக்குப் பொறுக்கவில்லை.

பழையது எண்பது மில்லி வந்தது. புதியது நூற்றுமுப்பது உள்ளே போயிற்று. மற்றவர்கள் இதைக் கவனிக்கவே மாட்டார்கள். அவர் கவனித்தார். மீதி ஐம்பது எங்கே என்று கேட்டார். "பழசுன்னா கொஞ்சம் கொறையும் சிஸ்டர்" என்று மழுப்பினேன். அவர் போனில் டார்ச்சைப் போட்டுக் குனிந்து பார்த்தார். பெல்ட் சக்கரத்துக்குப் பின்னால் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தது. எண்ணெய் வெளியே வராமல் தடுக்கிற சீல் போயிருக்கிறது. அவர் சந்தேகப்பட்டிருக்காவிட்டால் அந்தச் சாமான் இரண்டே மாதத்தில் காய்ந்து, சுற்றாமல் இறுகிப்போயிருக்கும்.

அன்றைக்கே யாகூப் பாய் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். உறிஞ்சி எடுக்கிற பழைய எண்ணெயை ஒரு பாட்டிலில் ஊற்றி, வண்டி நம்பரும் அளவும் எழுதி ஒட்டி, அந்த வண்டி அடுத்த தடவை வரும் வரைக்கும் அலமாரியில் வைப்பது. "கழிவு ஆயிலுக்குக் கண்காட்சியா?" என்று நான் சிரித்தேன். நர்ஸம்மா சிரிக்கவில்லை.

"ஒரு பேஷன்ட்டுக்கு ரத்தம் கொறஞ்சா எங்க போச்சின்னு தேடுவோம். நீங்க பழசுன்னா கொறையும்னு சொல்லிக்கினு இருக்கீங்க!"

ஒரு டம்ளர்

தனபால் அண்ணன் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பு பயிர் செய்கிறவர். மகள் கல்யாணத்துக்குப் பெண்ணழைப்பு வண்டியாக இருக்கட்டும் என்று சென்னைக்குப் போய் ஒரு கறுப்பு வெளிநாட்டுக் காரை வாங்கிவந்தார். அதற்குள் சூப்பர்சார்ஜர் என்று ஒன்று இருப்பது வாங்கிய பிறகுதான் அவருக்கே தெரியும். வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரை மிதித்தால் மாவு மில் மாதிரி ஒரு அரவைச் சத்தம்.

என் கடைக்குக் கொண்டுவந்தார். சூப்பர்சார்ஜர் எண்ணெயை மாற்ற வேண்டும் என்றேன். வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து நீட்டினார். வண்டியின் ஆயுசுக்கும் அந்த எண்ணெயை மாற்றத் தேவையில்லை என்று போட்டிருந்தது. "ஆயுசு எவ்ளோன்னு போடலியே ண்ணா" என்றேன். இப்படிப்பட்ட பேச்சு எனக்கு வேண்டாத வேலை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எவ்வளவு எண்ணெய் பிடிக்கும் என்றார். ஒரு டம்ளர் என்றேன். அதற்குப் பிறகு அவர் முகம் மாறிப்போயிற்று.

"என் டிராக்டரு ஒரு தபா குடிக்கற ஆயில்ல ஆளே குளிக்கலாம். இதுக்கு ஒரு டம்ளராம்! ஏம்பா, இன்னா கத உடறியா?"

புதுசே இப்படி நாறினால்

இரண்டு வாரம் கழித்து அவரே வந்தார். சத்தம் அதிகமாகிவிட்டது. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான். இந்தத் தடவை சந்தேகத்துக்கே இடம் வைக்கக் கூடாது என்று, சீல் உடையாத குட்டி பாட்டிலை அவர் கண் முன்னால் திறந்தேன்.

இந்த எண்ணெயைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். செத்த எலி நாற்றம். புதியதுதான், நல்லதுதான், ஆனால் அதன் பிறவி அப்படி. தனபால் அண்ணன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். "எல்லாம் இப்படித்தான் நாறும் ண்ணா" என்று நான் சொன்னதை எந்தக் கோர்ட்டும் ஏற்றுக்கொண்டிருக்காது. மூடியைத் தொடக்கூட விடாமல் பானெட்டைச் சாத்தினார்.

"கெட்டுப்போன ஆயில என் வண்டியில ஊத்தப் பாத்தியா? நீ மாத்தவே வேணாம்பா. நான் திண்டிவனத்துல வேற ஆள்கிட்ட காட்டிக்கறேன்!"

உடையாத பொட்டு

திண்டிவனத்தில் அந்த வேறு ஆள் யாகூப் பாய்தான். எங்கள் இரண்டு கடைக்கும் பெயர்ப்பலகை வேறு வேறு. "உன் கரும்புக்காரரு இங்க வந்துக்கறாரு. மாத்தி அனுப்பறேன்" என்று பாய் போனில் சொன்னார். நாம் கூட்டு என்று சொல்லிவிடாதீர்கள், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார் என்றேன்.

பத்து நாள் கழித்துத் தனபால் அண்ணன் விழுப்புரம் வந்தார். கேஸில் ஜெயித்தவர் மாதிரி சிரிப்பு. என்னைத்தான் தப்பாக நினைத்துவிட்டாராம். நானாவது ஒழுங்காக ஆயில் மாற்றியிருப்பேனாம். பானெட்டைத் திறந்து காட்டினார். சூப்பர்சார்ஜர் மூடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்து ஒரு பொட்டு. பாதி மூடியின்மேல், பாதி வெளியே; மூடியைத் திருகினால் உடைந்துவிடும். திண்டிவனத்துக்குப் போகும் நாள் காலையில், எந்த மூடி என்று நான் முன்பே காட்டியிருந்த அதே மூடியில், பூஜை பண்ணுகிற சாக்கில் அவரே வைத்தது. பேட்டரியில் கீறினால் மெக்கானிக் கண்டுபிடித்துவிடுவான், சாமி பொட்டை எவன் சந்தேகப்படுவான் என்பது அவர் கணக்கு. அந்தப் பொட்டு உடையாமல் அப்படியே இருந்தது.

"சத்தம் நின்னுபோச்சே ண்ணா" என்றேன்.

"அதாம்பா எனக்கு பயமா கீது. தொறக்காமயே சத்தம் நின்னுச்சின்னா, உள்ள இன்னாத்தையோ வச்சி அடச்சிட்டாரு அந்த பாய்!"

ஸ்பீக்கர்

யாகூப் பாய் என் கூட்டாளி என்று நான் அப்போதுதான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, அல்லது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தனபால் அண்ணனின் சிரிப்பு நின்றது. "அப்ப ரெண்டு பேரும் ஒண்ணா?" என்றார். கடையில் இன்னும் இரண்டு வண்டிக்காரர்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நல்ல மெக்கானிக்காக இருந்தால் அந்த இடத்தில் ஆலன் கீயை எடுத்து மூடியைத் திறந்து பார்த்திருப்பேன். நான் போனை எடுத்தேன். என் பெயர் கெடாமல் இருக்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். எல்லாரும் கேட்கும்படி, "பாய், தனபால் அண்ணன் வண்டில ஆயில் மாத்துனீங்களா, இல்லியா?" என்றேன். வெறும் நடிப்புக்குத்தான் கேட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மூடி இறுகியிருந்திருக்கும், பாய்க்குக் கை வலி, விட்டிருப்பார் என்று மனசின் ஒரு மூலையில் எனக்கே ஓடிக்கொண்டிருந்தது.

பஸ் ஹார்னுக்கு நடுவே பாய் திருப்பிக் கேட்டார். 

"சேகரு, இது நீ கேக்கறியா, இல்ல பக்கத்துல நிக்கறவரு கேக்கறாரா?"

சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஊசியில் வந்தது

அதற்குப் பிறகுதான் மூடியைக் கழற்றினேன். பொட்டு இரண்டாக உடைந்து உதிர்ந்தது. குழாயை விட்டு இழுத்தேன். தேன் நிறத்தில், அளவு பிசகாமல், புத்தம் புதிய எண்ணெய். கடை முழுக்கச் செத்த எலி நாற்றம். அந்த நாற்றத்தை முகர்ந்து சந்தோஷப்பட்டவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பாயைச் சந்தேகப்பட்டது அடுத்த நிமிஷமே உறைத்தது. பாய்க்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. தனபால் அண்ணன் துண்டுக்குள்ளிருந்து கேட்டார்.

"ஆயிலு புதுசுதான்பா, ஒத்துக்கறேன். ஆனா பொட்டு ஒடையாம அது உள்ள எப்படி போச்சி?"

பூக்கடை அக்கா

எடுத்த எண்ணெயைத் திரும்ப விட்டு மூடிவிட்டு, இரண்டு பேரும் அந்த வண்டியிலேயே திண்டிவனம் கிளம்பினோம்.  கூட்டேரிப்பட்டில் டீ குடித்தபோது, பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று கண்ணாடி கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் தனபால் அண்ணன். வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. எனக்கு அந்த அமைதிதான் தாங்க முடியவில்லை.

யாகூப் பாய் எங்களைப் பார்த்ததும் வாங்க என்றார். அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். தனபால் அண்ணன் வண்டி நம்பர், நூற்றுப்பத்து மில்லி, உள்ளே மை மாதிரி கறுத்த எண்ணெய். தனபால் அண்ணன் பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மூடிமேல் ஒரு பொட்டு இருந்ததே என்று ஆரம்பித்தார். பாய் சட்டென்று பதறிப்போனார். கடையை ஒட்டிப் பூ கட்டுகிற மல்லிகா அக்காவைக் கூப்பிட்டார்.

அந்த அக்கா வந்து சொன்னது இதுதான். ஆயில் மாற்றியபோது பொட்டு அழிந்துவிட்டது. பாய் நேராக அவரிடம் போய், "வண்டிக்காரரு சாமி கும்பிட்டு வச்ச பொட்டும்மா. என் கையால அழிஞ்சி போச்சி. நான் வச்சா சரி வராது, நீ அதே எடத்துல வச்சி குடு" என்று கேட்டிருக்கிறார். அக்கா சந்தனம் குழைத்து, பாய் விரலால் காட்டிய இடத்தில், பாதி மூடிமேலும் பாதி வெளியேயுமாக, இருந்தபடியே வைத்திருக்கிறார். "கல்யாணத்துக்கு வாங்கன வண்டின்னு சொன்னீங்க. அவசகுனமா ஆயிடக்கூடாதில்ல" என்றார் பாய், தப்புச் செய்தவர் மாதிரி.

 தனபால் அண்ணன் மல்லிகா அக்காவிடம் கிடந்த பூவையெல்லாம் வாங்கி வண்டிக்குப் போட்டார். கிளம்பும்போது என் தோளைப் பிடித்துத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். காதுக்குள் சொன்னார்.

"சேகரு, உன் கால்ல வேணும்னாலும் விழறேன். அது எதுக்கு வச்ச பொட்டுன்னு பாய்கிட்ட மட்டும் சொல்லிடாதபா."

பதினோரு போட்டோ

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாய் அவரை மன்னித்திருப்பார். வண்டி அவருடையது, சந்தேகப்பட அவருக்கு உரிமை உண்டு. எனக்கு அந்த உரிமை இல்லை. திரும்பக் கடைக்குப் போய் நின்றபோது பாய் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். கூட்டைப் பிரித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். பேரனுக்குக் காய்ச்சல் என்றார். நான்தான், "தப்பு பாய், ஸ்பீக்கர்ல போட்டிருக்கக் கூடாது" என்றேன். "வுடு, பேஜாரு பண்ணிக்காத" என்றார். அவ்வளவுதான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தனபால் அண்ணன் இப்போது சக்கரத்துக்குக் காற்றடிக்கக்கூடத் திண்டிவனம் போகிறார். கூட்டும் உடையவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து, பாய் ஒவ்வொரு வண்டியில் கை வைக்கும்போதும் எனக்குப் போனில் பதினோரு போட்டோ வருகிறது. மூடி கழற்றும் முன்னால், கழற்றிய பிறகு, ஊசி, பழைய எண்ணெய், புது பாட்டிலின் சீல், கடைசியில் இறுக்கிய மூடி. ஒரு வார்த்தைகூட எழுதியிருக்காது. பொறுக்க முடியாமல் ஒரு நாள் கூப்பிட்டு, எனக்கு எதற்கு பாய் இதெல்லாம், நான் எப்போது கேட்டேன் என்றேன். அவர் கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

"உனக்கு இல்ல சேகரு. ஸ்பீக்கர்ல கேக்கறவங்களுக்கு."

எந்த வண்டியின் சத்தத்தையும் ஒரு டம்ளர் எண்ணெயில் நிறுத்திவிடத் தெரிந்த எனக்கு, அந்தப் போட்டோக்கள் வரும்போது என் போனில் பதினோரு தடவை அடிக்கிற சத்தத்தை நிறுத்த மட்டும் இன்றுவரை வழி தெரியவில்லை.