போன் டீச்சர்

என் குரல் நன்றாக இருக்கிறது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். முகத்தைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. அதைச் சொல்ல ஒரு கொரியாக்காரி வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், சிங்காநல்லூரில் என் கணவர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். மனிதர் வீட்டில் உட்கார்ந்து ஒரே பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். நான் மெட்ரிகுலேஷன் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். எங்கள் சபைக்கு வந்திருந்த கொரியப் போதகர் ஒருவர், தன் மைத்துனி கொரியாவில் இங்கிலீஷ் டியூஷன் சென்டர் நடத்துவதாகவும், எனக்கு வேலை கிடைக்கும் என்றும் சொன்னார். மகளுக்கு அப்போது மூன்று வயது. "நீங்க தகிரியமாப் போயிட்டு வாங்க அண்ணி, புள்ளைய நான் பாத்துக்கறேனுங்க" என்றாள் நாத்தனார். போனேன்.

போன அன்றே சென்டர்காரம்மா என்னை உட்காரவைத்து, பேரிக்காய் நறுக்கிக் கொடுத்து, தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னாள். பிள்ளைகளின் அம்மாக்கள் வெள்ளைத் தோலைப் பார்த்துத்தான் சேர்க்கிறார்களாம். அதனால் நான் போனில் மட்டும் பேசினால் போதுமாம். அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கம். சாயங்காலமானால் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போன் போட்டு, கொஞ்ச நேரம் இங்கிலீஷில் பேச்சுக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், மழை பெய்ததா, தம்பி சண்டை போட்டானா. வகுப்பறையில் மஞ்சள் முடியோடு ஒரு கனடாக்காரி. ஸ்டோர் ரூமில் ஒரு போனோடு நான். வரப் போகப் பின்படிக்கட்டு. அந்தப் பேரிக்காய்த் தட்டை அவள் தலையிலேயே கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்த்தேனா? தின்றுவிட்டு, சரிங்க என்று தலையாட்டினேன். கோயமுத்தூர்க்காரிக்கு வேறென்ன வரும்!

கனடாக்காரியும் சுகப்படவில்லை. பொம்மை மாதிரி வாசலில் நிறுத்துகிறார்கள் என்று ஸ்டோர் ரூமுக்கு வந்து அழுவாள். உனக்காவது வாசல் கிடைத்ததே என்பேன்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும் நேரம் பார்த்து, பக்கத்து வீட்டுக்குக் கூப்பிடுவேன். மகளைத் தூக்கி ஸ்டூலில் உட்காரவைத்து ரிசீவரைக் கொடுப்பார்கள். என்ன சாப்பிட்டே கண்ணு? மழை வந்துச்சா? அதே கேள்விகள்தான். வேறு பேச்சு எனக்கு மறந்தே போயிருந்தது.

என் போன் பிள்ளைகளில் ஒரு சிறுமி, டீச்சரைப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்து அம்மாவோடு சென்டருக்கு வந்துவிட்டாள். கனடாக்காரியை முன்னால் தள்ளினார்கள். அவள் ஒரு ஹலோ சொன்னதுதான் தாமதம், இவங்க இல்லை, இவங்க இல்லை என்று குழந்தை வீறிட்டு அழுதது. ஸ்டோர் ரூமுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். யார் பெற்ற பிள்ளையோ, என் குரலை அடையாளம் வைத்திருக்கிறதே! அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த நாட்டுப் பணம் மதிப்புச் சரிந்த வருடம் சென்டரை மூடினார்கள். மூன்று வருடம் கழித்து நான் ஊர் திரும்பினேன்.

ஆட்டோவிலிருந்து இறங்கும்போது மகள் வாசலில் நின்றிருந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். கையை நீட்டினேன்.

"வாங்க" என்றாள். "உள்ள வந்து உக்காருங்க."

ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அப்படிச் செய்ய நாத்தனார் பழக்கியிருந்தாள். நல்ல வளர்ப்பு, குறை சொல்ல முடியாது. அம்மாடா கண்ணு என்றேன். குரலைக் கேட்டாவது தெரியும் என்று நினைத்தேன். போனில் வருகிற குரல் வேறு, நேரில் வருகிற குரல் வேறு போலிருக்கிறது. மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு அத்தையின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அவளைக் காணோம். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் டீச்சர், புள்ள இங்கதானுங்க இருக்குது. ஸ்டூலுல ஏறி உக்காந்துட்டு எறங்கவே மாட்டேங்குது. அவங்கம்மா போன் பண்ணுவாங்களாமா."

நான் விறுவிறுவென்று கிளம்பினேன். கணவர் தடுத்தார்.

"உடு. அதட்டுனா இன்னும் மெரளும். பஸ் ஸ்டாண்டு பூத்துல இருந்து ஒரு போனைப் போட்டுரு."

"உங்களுக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்குது?" என்று கத்தினேன். கத்திவிட்டு பூத்துக்குப் போனேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "அம்மா!"

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஆட்டோவிலிருந்து இறங்கியதிலிருந்து தவித்துக்கொண்டிருந்தேன். என்ன சாப்பிட்டே கண்ணு என்றேன்.

"இட்லி. அம்மா, நம்ம ஊட்டுக்கு ஒரு ஆன்ட்டி வந்திருக்காங்க."

"நல்லவங்களா?"

"நல்லவங்கதான். சாக்லேட் குடுத்தாங்க. ஆனா ஊருக்குப் போகவே மாட்டேங்கறாங்க." குரலைத் தணித்துக்கொண்டாள். "நீங்க எப்பம்மா வாரீங்க?"

"இப்பவே வாரேன் கண்ணு. இதா வந்துட்டேன்."

ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடினேன். நடுரோட்டில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். யார் பார்த்தால் என்ன!

மகள் அதற்குள் எங்கள் வீட்டுக் கேட்டில் ஏறி நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. மூச்சு வாங்க அவள் முன்னால் போய் நின்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஆன்ட்டி" என்றாள். "எங்கம்மா வாராங்க."