முதற்பிரதியில் இருந்த தேவாரம்

இதை எழுதவேண்டும் என்று பல வருடங்களாக நினைத்தும் எனக்குக் கை வரவில்லை. அண்ணை இருந்தவரை அவர் விடவும் இல்லை. இன்று அவரின் ஆண்டுத் திவசம். முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அண்ணை பிறந்தது கொடிகாமத்தில். கொக்குவிலில் ஒலிப்பதிவுக் கடை வைத்தார். இடம்பெயர்ந்தபோது உடுப்பை விட்டுவிட்டுக் கசெற்றுகளைச் சுமந்தவர். பிறர் பாடலைக் களவாகப் பிரதி எடுத்து ஒருநாளும் விற்றதில்லை.

கோயில் திருவிழாவுக்குப் பக்திப் பாடல் இறுவட்டு (சீடி) வெளியிடுவார். முதற்பிரதியில் மட்டும், பாட்டுகளுக்கு முன்னால் தன் குரலில் ஒரு தேவாரம் பதிந்து சுவாமி பாதத்தில் வைப்பார். பிறகு அதை மேடையில் ஒருவர் பெற்றுக்கொள்வார். கடைப் பிரதிகளில் அந்தத் தேவாரம் இராது. இது வீட்டாருக்கு மட்டுமே தெரியும்.

கடைசி இறுவட்டு வந்த கையோடு பாட்டு முழுவதும் இணையத்தில் சும்மா கேட்கக் கிடைத்தது. கடையில் ஒருவரும் வாங்கவில்லை. பாடிய தம்பிராசா கடை வாசலில் நின்று கேட்டார்:

"வெளிநாட்டுக்காரருக்கு வித்துப்போட்டியளோ அண்ணை? முதல்லை உங்கடை குரல்தானே கேக்குது. கள்ளன் தேவாரம் பாடிப்போட்டோ களவெடுக்கிறவன்?"

அண்ணை கடைக்குள்ளே போய்விட்டார். அதோடு தம்பிராசா கதைப்பதை விட்டார். ஊரும் அப்படியே நம்பியது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த முதற்பிரதியை மேடையில் வாங்கியவர் எங்கள் சொந்தக்காரர்.

"சொல்லிவிடுங்கோவன் அண்ணை."

"சுவாமியின்ரை காலடியிலை வைச்சுக் குடுத்தது பிள்ளை. குடுத்துப்போட்டு விசாரிக்கிறதோ? நாலுபேர் கேக்கட்டும் எண்டு போட்டிருப்பார்."

நான் அப்படி நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. சும்மா தருகிறவன் எங்கோ ஓரிடத்தில் வாங்கிக்கொண்டுதான் இருப்பான். கடை பூட்டப்பட்டது. அண்ணைக்குச் சுகமில்லாமல் வந்தது. ஆசுபத்திரியில் பார்த்த தாதிமாருக்கும், இரவு பகல் துணை நின்ற அயலவருக்கும், பாடை சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

செத்தவீட்டில் யாரோ கைத்தொலைபேசியில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். முதலில் சவர்க்கார விளம்பரம். பிறகு அண்ணையின் தேவாரம். அவர் குரல் எங்களுக்கு மிஞ்சியிருப்பது அங்கே மட்டும்தான். வாசற் படலையடியில் நின்ற தம்பிராசா திரும்பிப் பார்த்தார்.

"என்னட்டை இருக்கிற இறுவட்டிலை உது இல்லையே?" என்றார்.

நான் பதில் சொல்லுமுன் பறைமேளம் தொடங்கிவிட்டது. பிறகு அவரைக் காணவில்லை.

இந்த நினைவு மலர் அவர் கைக்கு வராமல் போகலாம். அவரைக் காணுகிறவர்கள் இதை எழுதியபடியே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அந்தச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் பெயர் சொல்ல வேண்டாம். அண்ணை சொல்லவில்லை.

தங்கை
கொக்குவில்