நாயிஃப் தூக்கிய கை

நீதிமன்றக் குமாஸ்தா நீட்டிய பைபிளைக் கொர்னேலியஸ் யான்ட்சன் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நாயிஃப் ஹம்சே பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தான். சாட்சி சொல்ல வந்த பக்கத்து நிலத்துக்காரரே இப்படி முரண்டு பிடித்தால் இன்று அவனுக்குக் குடியுரிமை கிடைக்காது. குடியுரிமை இல்லாமல் நிலப்பட்டா இல்லை. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் நூற்று அறுபது ஏக்கர்; ஐந்து வருடம் கல் பொறுக்கிய மண்.

“சத்தியம் பண்றது எங்க சபைக்கு ஆகாதுங்க,” என்றார் யான்ட்சன். “நாங்க மென்னோனைட்டுங்க. ஆமான்னா ஆமாம், இல்லன்னா இல்ல. அவ்வளவுதான்.”

நீதிபதி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பைபிள் வேண்டாம், உறுதி சொன்னாப் போதும். இந்த நாட்ட ஆரம்பிச்சப்பவே அப்படி எழுதி வெச்சிட்டாங்க. வலது கையத் தூக்குங்க.”

யான்ட்சன் கையைத் தூக்கினார். நாயிஃபை ஐந்து வருடமாகத் தெரியும், யோக்கியன் என்றார். முடிந்தது.

அடுத்து நாயிஃப். பைபிளோடு வந்த குமாஸ்தா அவன் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

“அட, நீ மூட்டை தூக்கி வித்தவன்தானே? ஜெருசலேம் சிலுவைன்னு எங்க வீட்ல ஒண்ணு குடுத்தியே. என் பெண்சாதி இன்னும் கட்டிலுக்கு மேல மாட்டி வெச்சிருக்கா.”

நாயிஃப் தலையாட்டினான். சிரியாவிலிருந்து வந்த புதிதில் தோள்மூட்டையோடு பண்ணை பண்ணையாக நடந்தவன் அவன். ஊசி, நூல், ஒலிவ மரச் சிலுவை. பனியில் கதவைத் திறக்கும் பெண்கள், ஏசு பிறந்த ஊர்ப் பக்கமா என்பார்கள். ஆமாம் என்பான். கிறிஸ்தவனா என்றால் சிரிப்பான். அடுப்பருகே இடம் கிடைக்கும். அதே சிரிப்பைத்தான் யான்ட்சனிடமும் சிரித்துவந்தான், வருடா வருடம் அவர் தரும் பன்றித் தொத்திறைச்சியை வாங்கிக்கொண்டு.

காலையில் மனைவி நஜ்லா சொல்லியிருந்தாள்: “அவங்க புத்தகத்து மேல வெச்சா கை கழண்டா விழும்? வெச்சிட்டு வாங்க. நிலம் போச்சுன்னா நானும் புள்ளைங்களும் எங்க போறது?”

கை வைத்தால், பின்னால் விஷயம் தெரியவரும்போது பொய்ச்சத்தியம் என்று நிலத்தைப் பிடுங்குவார்கள். வைக்காவிட்டால் இப்போதே பிடுங்குவார்கள்.

“என்னய்யா யோசன?” என்றார் குமாஸ்தா.

“நானும் உறுதியே சொல்லிடறேங்க.”

“நீயும் மென்னோனைட்டா?” குமாஸ்தா சிரித்தார். பெஞ்சில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

“இல்லீங்க. முஸ்லிம்.”

சிரிப்பு நின்றது. யான்ட்சன் திரும்பிப் பார்த்தார். நாயிஃப் அவர் பக்கம் பார்க்கவில்லை. நீதிபதியைப் பார்த்தே நின்றான்.

“அப்போ அந்தச் சிலுவை?” என்றார் குமாஸ்தா.

“மரம் நல்ல மரந்தாங்க.”

நீதிபதி இப்போதுதான் தலையைத் தூக்கினார். அவனை வெகுநேரம் பார்த்தார். முகத்தில் பிரியம் ஏதும் இல்லை.

“உறுதி சொல்றவன் என்ன மதம்னு சட்டம் கேக்கல. நானும் கேக்கல. கையத் தூக்கு.”

தூக்கினான். சிரியாவை ஆளும் துருக்கி சுல்தானுக்கு இனி விசுவாசமில்லை என்று சொன்னான். குமாஸ்தா குடியுரிமைச் சான்றிதழைக் கையில் தராமல் மேஜைமேல் தள்ளினார்.

திரும்பும் வழியில் யான்ட்சன் குதிரை வண்டியை ஓட்டினார். ஆறு மைல் தாண்டியதும் கேட்டார், “ஏம்ப்பா, நான் குடுத்த தொத்திறைச்சியெல்லாம்?”

“நாய்க்குப் போட்டோம்.”

“அதானே பாத்தேன், நாய் கன்னுக்குட்டி மாதிரி இருக்கேன்னு.” அவர் சிரிக்கவில்லை. குதிரையை ஒரு தட்டுத் தட்டினார்.

மறுநாள் மேகமூட்டமாக இருந்தது. நாயிஃப் சான்றிதழை மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தான். இதுவரை தாழ்ப்பாள் இல்லாத கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் அடித்தான். மிச்சமிருந்த உருளைக்கிழங்கைத் தோண்டினான். சாலையில் இரண்டு வண்டிகள் போயின. இரண்டு தடவையும் மண்வெட்டியை நிறுத்தி, இங்கே திரும்புகிறதா என்று பார்த்தான். சாயங்காலம் யான்ட்சன் வந்து, தொத்திறைச்சிக்குப் பதில் ஒரு டஜன் முட்டையை வாசற்படியில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் போனார். நஜ்லா அதில் நான்கை வெங்காயம் போட்டுப் பொரித்தாள்.