கூப்பிடுகிறவரைக் கூப்பிட்ட காலை

இலங்கை சுதந்திரம் பெற்றுப் பத்து வருஷம் ஆனதைக் கொண்டாட எங்கள் தேயிலைத் தோட்டத்து வரலாற்றுக் கழகம் கிளம்பியபோது, முதலில் சிரித்தவள் நான்தான். கழகம் என்றதும் கட்டிடம், பெயர்ப்பலகை என்று நினைத்துவிட வேண்டாம். அக்கரப்பத்தனைக்கு மேலே எங்கள் வீட்டு முன்னறையில் விரித்த பாய்கள்தான் கழகம். தலைவர் என் வீட்டுக்காரர், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார். சாயங்காலமானால் அதே ஆட்களை உட்காரவைத்து, "உங்க தாத்தா எந்த ஊருலயிருந்து வந்தாரு, எந்தக் காட்டை வெட்டுனாரு?" என்று கேட்டு எழுதி வைப்பார். எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றுவது என் தலையெழுத்து.

சுதந்திரம் வந்த கையோடு எங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று சட்டமும் வந்துவிட்டது. பிறகு என்ன கொண்டாட்டம் என்று கேட்டேன். "இந்த மலையை யாரு தோட்டமாக்குனதுன்னு அன்னைக்குச் சொல்லாம வேற என்னைக்குச் சொல்றது?" என்றார். அந்த மனுஷன் பிடித்த பிடியை விடமாட்டார்.

கொண்டாட்டத்துக்கு முந்திய வாரம் கழகம் கூடியது. தோட்டப் பள்ளிக்கூடத்து யாழ்ப்பாண வாத்தியார்தான் திட்டம் சொன்னார்: "அண்டைக்கு விடியத் தப்பு அடிச்சால் சனமெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வந்திடும். வேற ஒண்டும் தேவையில்லை."

எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். தப்புக்காரர் அங்கேதான் நிற்பார். பாய் விரித்திருந்தாலும் உட்காரமாட்டார். உட்காரச் சொல்லி யாரும் வற்புறுத்தியதும் இல்லை. விடியுமுன்னே ஆட்களின் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் நடந்து, தப்புப் பறை அடித்துப் பெரட்டுக்கு ஆட்களை எழுப்புவது அவர் வேலை. கல்யாணம், சாவு, திருவிழா எதற்கும் அவர்தான்.

"அன்னைக்கு நான் அடிக்கலீங்க ஐயா," என்றார் அவர்.

சாராயத்துக்கு அடிபோடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் தலைக்குட்டையை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டே பேசினார்.

"கோவிச்சுக்காதீங்க. எங்கப்பா செத்ததுலயிருந்து எல்லாரையும் நான்தான் கூப்புடுறேன். என்னைய யாரும் கூப்பிட்டதில்லீங்க. சுதந்திரமின்னு சொல்றீங்க. அந்த ஒரு நாளு, வீட்டுக்குள்ள இருந்துகிட்டு தப்புச் சத்தத்தக் கேக்கணும். கேட்டுட்டு, எல்லாரையும் மாதிரி நானும் வரணும். கூப்பிட்டா வாரேன். கூப்பிடலைன்னா வரலீங்க."

"அப்ப ஆர் அடிக்கிறது?" என்றார் வாத்தியார். பள்ளிக்கூட மணியை அடிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். என் வீட்டுக்காரர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "நான் அடிக்கிறேன்," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பைத் தொட்டால் தலைக்குக் குளிக்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். எல்லாரும் போனதும் பிடித்துக்கொண்டேன். "எங்கண்ணன் கேள்விப்பட்டா இந்த வாசப்படி மிதிக்கமாட்டாரு. நாளைக்குப் பெரட்டுல ஒங்க பேச்சை எவன் மதிப்பான்?"

"மதிக்காட்டிப் போறான். அந்த ஆளு கேட்டது காசா, பணமா? ஒருத்தன் தன்னையக் கூப்பிடுங்கன்னு கேக்குறான். அதுக்கும் முடியாதுன்னா நான் என்ன வரலாறு எழுதுறேன்?" என்றார். என் கோபம் அடங்கவில்லை. அந்த வாரம் முழுக்க என் அரிசித் தகரத்தைத் தட்டித் தட்டிப் பழகியே அதை நசுக்கிவிட்டார்.

கொண்டாட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் தப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. விடியற்காலையில் பனி கொட்டிக் கிடந்தது. அந்தக் குளிரில் தோல் தொய்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சினால்தான் சத்தம் வரும். இவர் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து தப்பை நெருப்புக்குள்ளேயே திணிக்கப் போனார். கருக்கிவிடப் போகிறாரே என்று பதறிப் பிடுங்கிக்கொண்டேன். என் சமையலறையில், என் அடுப்பில், என் கையால் திருப்பித் திருப்பிக் காய்ச்சினேன். விரலால் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது. குளிக்கவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

மேல் லயத்தில் தொடங்கினார். அப்படியொரு அடியை அந்தத் தோட்டம் கேட்டதில்லை. பெரட்டு அடியும் இல்லை, சாவு அடியும் இல்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். "கணக்கப்பிள்ளை ஐயா தப்படிக்கிறாரு!" என்று சத்தம் போட்டார்கள். சிலர் சிரித்தார்கள். எங்கள் சாதி ஆட்களில் சிலர் வந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர் கண்டுகொள்ளவே இல்லை. மூச்சு வாங்க இறங்கிக்கொண்டே இருந்தார். பின்னால் சனம் சேர்ந்துகொண்டே வந்தது. நானும் போனேன்.

கடைசி லயத்தின் கடைசி வீடு தப்புக்காரருடையது. கதவு சாத்தியிருந்தது. இவர் அதற்கு முன்னால் நின்று அடித்தார். திறக்கவில்லை. மனசு மாறிவிட்டாரோ, ஊர் சிரிக்கப்போகிறதோ என்று நினைத்தேன். இவர் நிறுத்தாமல் அடித்தார்.

கதவு திறந்தது. குளித்து, எண்ணெய் தேய்த்துத் தலைசீவி, வெளுத்த வேட்டி கட்டி நின்றார் தப்புக்காரர். கண் கலங்கியிருந்தது.

"கேட்டுச்சுங்க ஐயா. வாரேன்," என்றார்.

அவர் மனைவி என் காதோடு சொன்னாள்: "வழக்கம்போல இருட்டோட எந்திரிச்சுட்டாரும்மா. அப்பயிருந்து கதவுக்குப் பின்னாலதான் உக்காந்திருந்தாரு."

பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினார்கள். காட்டை வெட்டிய கதைகளை இவர் வாசித்தார். தப்புக்காரர் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். முடிந்து போகும்போது, "எல்லாம் நல்லா இருந்துச்சுங்க. தப்புத்தான் அடியே சேரல," என்று இவரிடம் சொல்லிவிட்டுப் போனார். இவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றைக்கு அவரை நினைத்து எனக்கிருந்த பெருமையை நான் அவரிடம் சொல்லவில்லை. தோள் வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டேன்.

மறுநாள் இருட்டோடு பெரட்டுத் தப்பு பழையபடி கேட்டது. தப்புக்காரர் வேலைக்குத் திரும்பிவிட்டார். வழக்கமாக அந்தச் சத்தத்தை வைதுகொண்டே போர்வையை இழுத்து மூடுகிற என் வீட்டுக்காரர், அன்று எழுந்து உட்கார்ந்தார். வெளியே கேட்காது என்று தெரிந்தும், வாசல் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்:

"கேட்டுச்சுங்க. வாரேன்."