ஏறும் நாடுகளும் இறங்கும் நாடுகளும் தங்கிய வீடு

எங்கள் அண்ணன் இல்லாமல் ஒரு கார்த்திகை தீபத்தைப் பார்த்துவிட்டோம். அவரை அறிந்த உங்களுக்குத் தங்கை நான் எழுதுவது.

அடி அண்ணாமலையில் வேர்க்கடலை பயிரிட்ட குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். மழை பொய்த்து நிலம் கைவிட்டதும் செங்கம் சாலையோரம் வீடு கட்டி, பின்பக்கத்து அறைகளை ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விட்டார். அண்ணியார் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். ஒரே மகனைத் தாயும் தகப்பனுமாக இருந்து வளர்த்தார்.

அவர் வாடகை கேட்கும் முறையே தனி. முதலில் எந்த நாடு என்று கேட்பார். வியாபாரம் கொழிக்கும் நாட்டவரிடம் கறாராக வாங்குவார். நொடித்த நாட்டவரிடம் குறைத்துக்கொள்வார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ரஷ்ய ஆசிரியையிடம் வாங்கவே இல்லை. "அவங்க ஊர்ல கடை இருந்துச்சு, சரக்கு இல்ல. சரக்கு வந்தப்ப வாங்கக் காசு இல்ல. நாடே படுத்துடுச்சு, அவங்ககிட்ட போயி என்னன்னு கேக்கறது?" என்றார்.

மகன் கணினி படித்து அமெரிக்கா சென்றான். வாரம் ஒருமுறை வந்த தொலைபேசி மாதம் ஒருமுறை ஆனது. அதைத் தவறவிடக்கூடாதென்றே அண்ணன் வெளியூர்க் கல்யாணங்களுக்கு வரவில்லை. கோபித்துக்கொண்டவர்கள் மன்னியுங்கள்.

பிறகு அமெரிக்காவில் கணினி நிறுவனங்கள் ஆட்களைக் குறைப்பதாகச் செய்தி வந்தது. அண்ணன் உடனே ஓர் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்.

"அங்க எறக்கம் ஆரம்பிச்சுடுச்சு பாப்பா. நாடு எறங்கினா மனுஷன் வூட்டுக்குத்தானே வருவான்?"

மகனுக்கு வேலை போனது. அவன் ஆஸ்திரேலியா போய்விட்டான்.

"வேற நாடு ஏறிட்டிருக்கும்னு எனக்குத் தோணவேயில்லையே" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நோயில் உடனிருந்த அக்கம்பக்கத்தாருக்கும், ஆண்டுதோறும் வந்து கடைசி மாதம் கஞ்சி ஊட்டிய அந்த ரஷ்ய அம்மையாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. விமானம் மாறி மாறி வந்து காரியம் செய்த அண்ணன் மகனை யாரும் குறை கூற வேண்டாம்.

ஏனெனில், படுக்கையில் இருந்தபடி ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஆஸ்திரேலியா பேருக்குக் கற்பூரம் ஏற்றச் சொல்லி என்னைக் கோயிலுக்கு அனுப்பியவர் அண்ணன். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"அந்த நாடு எறங்கக்கூடாது பாப்பா. எறங்கினா அவன் இன்னும் எட்டப் போயிடுவான்."